தெரிஞ்சவங்க

அந்த ஜிம்முக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் பார்ப்பது மாஸ்டரின் கைகளைத்தான். மாடிப்படி ஏறும்போதே சுவரில் அவன் படம் இருக்கும். கைகளைக் கட்டிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, உலகத்தோடு ஏதோ வாய்க்கால் தகராறு இருப்பதைப்போல முறைத்துக்கொண்டு நிற்பான். படத்துக்குக் கீழே 'வலி இல்லாமல் வழி இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். அந்த வாசகம் அவனே யோசித்தது. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அவன் உடம்பைச் சும்மா சொல்லக் கூடாது. பள்ளிக்கூடத்தில் 'ஒட்டடைக்குச்சி' என்று பேர் வாங்கியவன், வருஷக்கணக்கில் உழைத்துச் சேர்த்த உடம்பு அது. தனக்கு எது பலித்ததோ அதையே எல்லோருக்கும் கொடுத்தான். கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டும் என்று வந்த பெண்ணுக்கும், சர்க்கரை ஏறிப்போன கடைக்காரருக்கும், தோள்பட்டை பிடித்துக்கொண்ட வக்கீலுக்கும் ஒரே மருந்துதான். குதி, தூக்கு, ஓடு, மறுபடி குதி. யாராவது முகம் சுளித்தால், "உடம்பு பொய் சொல்லும் சார், நம்பாதீங்க" என்பான். பாதிப் பேர் ஒரு மாதத்துக்குள் வராமல் போவார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று தள்ளிவிட்டு, மிச்சப் பேரைத் தன் சாதனையாக எடுத்துக்கொள்வான்.

அங்கே இன்னொரு பயிற்சியாளரும் இருந்தாள். குள்ளம், பூசினாற்போல உடம்பு. தெருவில் பார்த்தால் தையல் கடையிலோ தபால் ஆபீஸிலோ வேலை செய்கிறவள் என்றுதான் நினைக்கத் தோன்றும். யார் புதிதாக வந்தாலும் முதல் நாள் எதையும் தூக்க விடமாட்டாள். உட்காரவைத்துக் கேள்வி கேட்பாள். என்ன வேலை, எப்படித் தூங்குறீங்க, எங்க வலிக்குது, மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா, எதுக்காக வந்தீங்க. இதனால் அவளுக்குக் 'கேள்விக்குறி' என்று பேர் வந்துவிட்டது. பேர் வைத்தவன் மாஸ்டர்தான். "அவகிட்ட போனா உடம்பு இளைக்காது, நாக்குதான் இளைக்கும்" என்று சொல்லிச் சிரிப்பான். கேள்விக்குறியும் லேசுப்பட்டவள் இல்லை. வாய் நீளம். தாமதமாக வந்தாலும் முதலாளியிடம் நியாயம் பேசுவாள். அவளைப் பிடித்தவர்களைவிடப் பிடிக்காதவர்கள்தான் அங்கே அதிகம்.

மாஸ்டருக்கு ஒரு அக்கா உண்டு. அம்மா ஆலை வேலைக்குப் போன நாட்களில் அவனை இடுப்பைவிட்டு இறக்காமல் வளர்த்தவள். இப்போது ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தாள். வேலைக்குப் போகிற தாய்மார்கள் காலையில் விட்டுப்போகும் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து, துணி மாற்றி, தூங்கவைத்து, மாலையில் சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுக்கும் வேலை. அவளுக்கும் இரண்டு பெண்கள். இரண்டாவது பிரசவம் அவளைப் புரட்டிப்போட்டுவிட்டது. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றதும், அவளுக்காக ரத்தம் கொடுத்ததும் மாஸ்டர்தான். அதன்பிறகு அக்காவின் உடம்பு கனத்துக்கொண்டே போனது.

"டேய், நானும் உன் ஜிம்முக்கு வரட்டுமாடா?" என்று அக்கா போனில் கேட்பாள்.

"பாக்கலாம்க்கா. இப்போ கூட்டமா இருக்கு."

அடுத்த முறை கேட்டால் ஏசி வேலை செய்யாது. அதற்கடுத்த முறை பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். உண்மைக் காரணத்தை அவன் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. நாலு பக்கமும் கண்ணாடி பதித்த அந்த ஹாலில் அக்காவை நிறுத்திப் பார்க்க அவனுக்கு மனம் கூசியது. 'ஊரையெல்லாம் இளைக்கவைக்கிறான், கூடப் பிறந்தவளைப் பாரு' என்று யாராவது சொல்லிவிட்டால்?

அக்கா அவனுக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, அவளாகவே ரிசப்ஷனில் பணம் கட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

சனிக்கிழமை என்றால் ஜிம்மில் கால் வைக்க இடம் இருக்காது. மாஸ்டர் வக்கீலுக்குத் தட்டு மாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான். கண்ணாடியில் முதலில் தெரிந்தது அத்தானின் பழைய பனியன் சட்டை. அப்புறம் சாம்பல் நிறப் பேன்ட். அப்புறம் அடியில் விலைச் சீட்டுகூடக் கிழிக்காத புதுக் காலணிகள். எல்லாவற்றுக்கும் மேலே அக்காவின் முகம், திருவிழாவுக்கு வந்த குழந்தையைப்போல நாலாபுறமும் பார்த்துக்கொண்டு.

ரிசப்ஷன் பெண் அவளை அழைத்து வந்தாள். "மாஸ்டர், இந்த அக்கா உங்ககிட்டத்தான் கத்துக்கணுமாம். உங்களுக்குச் சொந்தமா?"

வக்கீல் திரும்பிப் பார்த்தார். டிரெட்மில்லில் நடந்துகொண்டிருந்த இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"தெரிஞ்சவங்க" என்றான் மாஸ்டர்.

அக்காவின் காதில் அது விழாமல் இருக்க வழியே இல்லை. ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு ரிசப்ஷன் பெண்ணிடம் திரும்பி, "ஆமாம்மா, தெரிஞ்சவங்கதான். பக்கத்துத் தெரு" என்றாள். குரலில் கொஞ்சம்கூடப் பிசிறு இல்லை. சின்ன வயதில் அவன் உடைத்த கண்ணாடி டம்ளரைத் தான் உடைத்ததாகச் சொல்லி அம்மாவிடம் அடி வாங்கிய அதே சரளம்.

அவனுக்குக் காது சூடாகிவிட்டது. அந்தச் சூட்டை அதட்டலாக மாற்றிக்கொண்டான்.

"வாங்க. இங்க நில்லுங்க. கையைத் தலைக்கு மேல தட்டிக்கிட்டே குதிக்கணும். நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும்."

"வாங்க" என்று மரியாதை போட்டு அவன் அவளிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"தம்பி... ஒரு விஷயம் சொல்லணும்" என்று அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"இங்க பேச்சுக்கு வேலையில்ல. செய்யறதுதான்."

"இல்லப்பா, குதிக்கறது மட்டும் வேணாமே. நடக்கச் சொல்லு, நடக்கறேன்."

"வேணாம்னு உடம்பு சொல்லும். நீங்க அதைக் கேக்கக் கூடாது." சத்தமாகவே சொன்னான். வக்கீல் சிரித்தார். அந்தச் சிரிப்பு மாஸ்டருக்குத் தெம்பாக இருந்தது. "ம், ஆரம்பிங்க! வலி இல்லாம வழி இல்ல!"

அக்கா குதித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, கால்களை ஒட்டிவைத்துக்கொண்டு, பயந்து பயந்து குதித்தாள். "காலை அகட்டுங்க! உயரமா!" என்று அவன் கை தட்டினான். அவள் காலை அகட்டிக் குதித்தாள். திடீரென்று நின்றாள். இரண்டு கைகளும் அவளையறியாமல் முன்பக்கம் வந்து பொத்திக்கொண்டன.

சாம்பல் நிறப் பேன்ட்டில் ஈரம் இறங்குவதை மாஸ்டர் கண்ணாடியில் பார்த்தான்.

அக்காவிடம் போக இரண்டு எட்டு போதும். தோளில் துண்டு கிடந்தது. அவன் வக்கீலின் பக்கம் திரும்பி, சரியாகவே இருந்த தட்டை மறுபடி சரிசெய்ய ஆரம்பித்தான். யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்பது மட்டும்தான் அவன் தலைக்குள் ஓடியது.

அப்போது 'சளார்' என்று சத்தம் கேட்டது.

திரும்பினால், கேள்விக்குறி கையில் பெரிய தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள். பாட்டில் காலி. அக்காவின் இடுப்பிலிருந்து பாதம்வரை தண்ணீர். ரப்பர் பாய் முழுக்கத் தண்ணீர்.

"அய்யய்யோ! மூடியைச் சரியா மூடாம வந்துட்டேன். முழுக்க நனைச்சுட்டேனே! மன்னிச்சுக்கோங்கக்கா. வாங்க, எங்கிட்ட வேற பேன்ட் இருக்கு, மாத்திக்கலாம்."

மாஸ்டருக்குச் சட்டென்று நாக்கு வந்தது. "கண்ணை எங்க வெச்சுக்கிட்டு நடக்குறே? வர்றவங்களை இப்படித்தான் நடத்துவியா? ஆள் வழுக்கி விழுந்தா யாரு பதில் சொல்றது?" அவன் திட்டத் திட்ட, எல்லோருடைய பார்வையும் கேள்விக்குறியின் மேல் போனது. முதலாளி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்துத் தன் பங்குக்கு நாலு வார்த்தை சொன்னார். நியாயம் பேசாமல் விடாத அவள், அன்று தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அக்காவை உடை மாற்றும் அறைக்குள் விட்டுவிட்டு வந்து, துப்புரவுப் பெண்ணின் கையிலிருந்து துடைப்பானை வாங்கி, தானே அந்த இடத்தைத் துடைத்து முடித்தாள். வேறு யாரையும் கிட்டே விடவில்லை.

அக்கா எப்போது வெளியே போனாள் என்று மாஸ்டருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருக்க அவன் பாடுபட்டான்.

கூட்டம் ஓய்ந்ததும் கேள்விக்குறி அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ரெண்டு பிரசவம் ஆன பொம்பளையைக் குதிக்கச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் மாஸ்டர். நிறையப் பேருக்கு இருக்கற பிரச்சினைதான். ஆனா சரி பண்ணலாம்."

"எனக்கெப்படித் தெரியும்?"

"கேட்டா தெரியும்." கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். "அவங்க உங்களுக்குச் சொந்தமா? மூக்கு ரெண்டும் ஒரே அச்சு."

அவன் எடைகளை அடுக்கப் போனான். தெரியாது என்று சொன்னானே, அதுவும் பொய். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டவன் அவன்தானே.

மறுநாள் பழம் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். மூத்தவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்த அக்கா, "வாடா" என்றாள் எப்போதும்போல. ஒன்றுமே நடக்காததுபோல அவன் வேலையைப் பற்றி விசாரித்தாள். முட்டை வேகவைத்துக் கொடுத்தாள். அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் குழந்தைகள் யாராவது குறுக்கே வந்தார்கள். அது அவனுக்கு வசதியாகவும் இருந்தது.

"நாளைக்கு வர்றியாக்கா?" என்று கிளம்பும்போது கேட்டான்.

"வேலை இருக்குடா."

வாசல்வரை வந்த மூத்தவள், "மாமா, அம்மா புது ஷூவைக் காயவெச்சுக் கடையில திருப்பிக் குடுத்துட்டாங்க" என்று சொன்னாள்.

ஒன்றிரண்டு மாதம் போனது. கேள்விக்குறி தினமும் மதியத்தில் எங்கோ வெளியே போய்வருவதாக முதலாளிக்குச் சந்தேகம் வந்தது. ஜிம்மில் வேலை செய்கிறவர்கள் வெளியே தனியாகப் பயிற்சி கொடுக்கக் கூடாது என்பது அங்கே விதி. மாஸ்டரைக் கூப்பிட்டு, "நீ ஒரு தடவை பின்னாடியே போய்ப் பாரு" என்றார். போக மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் மாட்டிக்கொண்டால் தேவலை என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. தன்னைப் பார்த்துவிட்ட கண் பக்கத்திலேயே நடமாடுவது அவனுக்குப் பெரிய இம்சையாக இருந்தது.

அவள் ஸ்கூட்டர் போய் நின்ற இடம் அக்காவின் காப்பகம்.

குழந்தைகள் தூங்குகிற நேரம். பக்கவாட்டுச் சந்தில் காயப்போட்டிருந்த குட்டித் துணிகளுக்கு நடுவே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தான். உள் வராந்தாவில் பாயை விரித்து அக்கா மல்லாந்து படுத்திருந்தாள், முழங்கால்களை மடக்கியபடி. மூச்சை இழுத்து, மெதுவாக விட்டுக்கொண்டிருந்தாள். கேள்விக்குறி பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவசரமே இல்லக்கா. மூச்சை விடும்போது அடியில இறுக்கணும். அவ்வளவுதான். இப்போ எந்திரிக்கலாமா? எதையும் பிடிக்காம?"

அக்கா புரண்டு, ஒரு முழங்காலை ஊன்றி, தடுமாறி, மறுபடி உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் குழந்தைகள் எழுந்துவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"நேத்து பரவாயில்ல. இன்னிக்கு மக்கர் பண்ணுது" என்றாள் அக்கா. "எனக்கு இளைக்கறதெல்லாம் பெருசில்லம்மா. ஒரு குழந்தை அழுதா, நான் நாற்காலியைப் பிடிச்சு எந்திரிக்கறதுக்குள்ள அது அழுது முடிச்சே போயிடுது."

"அதுக்காகத்தான் வந்தேன்னு முதல்லயே உங்க தம்பிகிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"அவன் நல்ல பையன்தாம்மா. கெட்ட குணமெல்லாம் கிடையாது." அக்கா பாயின் ஓரத்தை நீவிவிட்டாள். "என்னைப் பார்த்தா அவனுக்கு வெக்கமா இருக்கு. அவ்வளவுதான்."

அதில் கோபம் இல்லை. வெளியே வெயில் அடிக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே மாஸ்டர், ஊருக்கே காட்டிக்கொண்டு திரிந்த அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான். ஈரத் துணி ஒன்று காற்றில் அசைந்து முகத்தில் பட்டது. திருடனைப்போலச் சந்திலிருந்து வெளியே வந்தான்.

ஜிம்முக்குத் திரும்பியதும் முதலாளி கேட்டார். "என்ன, வெளியில ஆள் பிடிக்கிறாளா?"

ரிசப்ஷன் பெண் அங்கே இருந்தாள். வக்கீலும் இருந்தார். மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "எங்க அக்காவுக்குச் சொல்லிக் குடுக்கறாங்க. அன்னிக்கு வந்தாங்களே, அவங்க என் கூடப் பிறந்த அக்கா. தெரிஞ்சவங்கன்னு சொன்னது பொய். தப்பு என்னோடது சார்."

சொல்லி முடித்ததும் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியதுபோல இருந்தது. அந்த நிம்மதி சாயங்காலம்வரைகூடத் தாங்கவில்லை. "உங்க குடும்பக் கதை எனக்கெதுக்கு? விதியை மீறினது மீறினதுதான்" என்று சொல்லி, முதலாளி கேள்விக்குறியை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

அவள் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தபோது மாஸ்டர் போய் நின்றான்.

"நான் உண்மையைத்தான் சொன்னேன்" என்றான் பரிதாபமாக.

"சொன்னீங்க. உங்க பாரம் இறங்கிடுச்சு, என் வேலை போயிடுச்சு." பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா மாஸ்டர்? சொல்லத் தெரியாத ஆளா நீங்க?"

அவன் முதலாளியிடம் மன்றாடிப் பார்த்தான். தானும் வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னான். "விடு, ஆயிரம் பேர் வருவான்" என்றார் அவர். மாஸ்டர் வேலையை விடவில்லை. வீட்டு வாடகை, பழகிய இடம், சுவரில் இருக்கிற படம் என்று ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போனான். அதுவும் சேர்ந்து அவனை அரித்தது.

அந்த வார இறுதியில் அக்காவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினான். சந்தில் நின்றதை, ஒட்டுக்கேட்டதை, முதலாளியிடம் சொன்னதை. துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா, கேள்விக்குறியின் வேலை போனதைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"என்னைப் பார்த்து வெக்கப்பட்டே. சரி, உன்னைத் தூக்கி வளர்த்தவ, தாங்கிக்கறேன். அந்தப் பொண்ணு உனக்கு என்னடா பாவம் பண்ணுச்சு? உன்னால திட்டு வாங்கினா, இப்போ உன்னால வேலையும் போச்சு!"

அக்கா இப்படிக் கத்தி அவன் கேட்டதே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, அதுவரை மறைத்திருந்ததைச் சொன்னான். "அன்னிக்கு நான் பார்த்துட்டேன்க்கா. அவங்க தண்ணி கொட்டறதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன். பார்த்துட்டுத்தான் திரும்பிக்கிட்டேன்."

அக்கா மடித்த துணியை இன்னொரு முறை மடித்தாள்.

"தெரியும்டா. கண்ணாடியில நானும் உன்னைத்தானே பார்த்துட்டிருந்தேன்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று காத்திருக்கும் தகுதி தனக்கு இல்லை என்பது அவனுக்குப் புரிந்தது.

கேள்விக்குறிக்கு வழி செய்தது அக்காதான். காப்பகத்தை நடத்துகிற பெண்மணியிடம் பேசி, பிள்ளைகள் கிளம்பியபின் சாயங்காலத்தில் அங்குள்ள கூடத்தை அவள் வகுப்பெடுக்கக் கேட்டு வாங்கிக் கொடுத்தாள். பிள்ளைகளை அழைத்துப்போக வந்த தாய்மார்களில் சிலர் தயங்கித் தயங்கிச் சேர்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று இருந்தது, வேறெங்கும் சொல்லாதது.

மாஸ்டரும் தன் ஆட்களைக் கேட்கப் பழகிக்கொண்டான். வரவில்லை அது அவனுக்கு. போலீஸ்காரர் விசாரிப்பதுபோல இருந்தது. வக்கீலின் தோளைப் பற்றி முதன்முறையாகக் கேட்டபோது, அவர் ரொம்ப நாளாக அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாமல் தவிப்பது தெரிந்தது. எடை தூக்குவதை நிறுத்தி டாக்டரைப் பார்க்கச் சொன்னான்.

"இத்தனை நாளா நீங்க ஏன் கேக்கல?" என்றார் வக்கீல். குறுக்கு விசாரணை செய்து பழகிய ஆள்.

ஒரு நாள் மாலை, அன்று வேலைக்கு லீவு போட்டிருந்த அக்காவை வகுப்புக்காக வண்டியில் காப்பகத்துக்குக் கொண்டுபோய் விட்டான். பின்னாலேயே வாசல்வரை போனவனை அக்கா கையைக் காட்டித் தடுத்தாள்.

"நீ உள்ள வராதேடா. மத்தவங்க கூச்சப்படுவாங்க."

"சரிக்கா."

தெருவில் வண்டியின் மேல் உட்கார்ந்து காத்திருந்தான். உள்ளேயிருந்து பேச்சும் இடையிடையே சிரிப்பும் கேட்டன. தன் ஜிம்மில் இப்படி யாரும் சிரித்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை. நேரமாகி, வெளிச்சம் குறைந்து, கதவு திறந்தது. வேர்வையும் களைப்புமாக ஐந்தாறு பெண்கள் வெளியே வந்தார்கள். கேள்விக்குறி அவனைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டுப் பூட்டுப் போடத் திரும்பிக்கொண்டாள். அக்கா யாரோ சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டே அவன் பக்கம் வந்தாள்.

"இன்னும் இருக்கியா? நீ கிளம்புடா. நாங்க எல்லாரும் பேசிக்கிட்டே நடந்து வந்துடறோம்."

அவர்கள் தெருவை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். மாஸ்டர் வண்டியைக் கிளப்பினான். முந்திப்போக இடம் இல்லை. ஹாரன் அடிக்காமல், காலைத் தரையில் ஊன்றி ஊன்றி, தெரு முனைவரை அவர்கள் பின்னாலேயே மெதுவாக உருட்டிக்கொண்டு போனான்.